‘கட்டியை வாழவைக்கும் புரதம் கண்டுபிடிப்பு’ என்று செய்தி வந்தால் அதை எப்படிப் படிப்பது?

அடிக்கடி வரும் செய்திதான். “புற்றுநோய்க் கட்டி உயிர்வாழ உதவும் புரதத்தை விஞ்ஞானிகள் கண்டறிந்தனர், அதைத் தடுத்ததும் கட்டி சுருங்கியது.” குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது போட்டுவிடுவார்கள், கீழே நாலு கும்பிடு விழும், ஒருவர் மட்டும் “இது நம்ம ஊர்ல கிடைக்குமா?” என்று கேட்பார். வீட்டில் நோயாளி இருக்கும்போது அந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளவும் முடியாது.

செய்தி பெரும்பாலும் பொய்யாக இருக்காது. ஆராய்ச்சி நடந்திருக்கும், புரதமும் இருக்கும், எலியின் கட்டியும் சுருங்கியிருக்கும். அது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைத்தான் தலைப்பு சொல்லாது. அதை நீங்களே எப்படிக் கண்டுபிடிப்பது என்று இங்கே எழுதுகிறேன். பெரிய படிப்பு எதுவும் வேண்டாம், பள்ளிக்கூட உயிரியல் கொஞ்சம் நினைவிருந்தால் போதும். அளவுகோலாக ஒரே ஒரு புரதத்தை எடுத்துக்கொள்கிறேன், பெயர் பிசிஎல்-2. ஆய்வகத்தில் தொடங்கி மருந்துச் சீட்டு வரை முழுத் தூரமும் வந்தது அது; வழியில் எங்கெங்கே சறுக்கும் என்பதையும் அதுவே காட்டிவிட்டது.

முதலில் பிசிஎல்-2

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் தன்னைத்தானே முடித்துக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. டிஎன்ஏ திருத்த முடியாத அளவுக்குப் பழுதானால், கிருமி புகுந்தால், வேலை முடிந்துவிட்டால், செல் அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு இல்லாமல் சிதைந்து மறையும். 1972இல் கெர், வைலி, கர்ரி ஆகிய மூவர் இதற்கு அபாப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். புற்றுச்செல்லின் டிஎன்ஏ கந்தலாகக் கிடப்பது, நியாயமாகப் பார்த்தால் அது என்றைக்கோ செத்திருக்க வேண்டும். சாகாமல் ஏதோ ஒன்று பிடித்து வைத்திருக்கிறது, இந்த மாதிரிச் செய்திகளில் வரும் புரதங்களில் பல அந்த வேலையைச் செய்பவைதான்.

1980களின் நடுவில் பிலடெல்பியாவின் விஸ்டார் இன்ஸ்டிடியூட்டில் யோஷிஹிடே சுஜிமோட்டோவும் கார்லோ குரோச்சேயும் ஃபாலிகுலர் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயில் பிசிஎல்-2 புரதத்துக்கான மரபணுவைப் பிடித்தார்கள். அந்த நோயில் 14ஆம் குரோமோசோமும் 18ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொள்கின்றன. 18இல் சாதுவாக இருந்த மரபணு, 14இல் இருக்கும் ஆன்டிபாடி மரபணுவின் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் ஓயாமல் வேலை செய்ய ஆரம்பித்துவிடுகிறது. அதுவரை தெரிந்த புற்றுநோய் மரபணுக்கள் செல்லை வேகமாகப் பெருக்குபவை என்பதால் இதுவும் அந்த ரகம் என்றுதான் எதிர்பார்த்தார்கள். 1988இல் மெல்போர்னில் வால்டர் அண்ட் எலைசா ஹால் இன்ஸ்டிடியூட்டில் டேவிட் வாக்ஸ், சூசன் கோரி, ஜெர்ரி ஆடம்ஸ் மூவரும் அந்த மரபணுவைச் செல்லில் ஏற்றிப் பார்த்தார்கள். செல் வேகமாகப் பெருகவில்லை. ஆனால் உயிர்வாழத் தேவையான வளர்ச்சிக் காரணியை நிறுத்திய பிறகும் சாகாமல் கிடந்தது. புற்றுநோய் என்றால் கட்டுக்கடங்காத பெருக்கம் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், சாக மறுப்பதும் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று காட்டிய ஆய்வு அது.

உள்ளே நடப்பது இதுதான். பாக்ஸ், பாக் என்று இரண்டு புரதங்கள் மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் ஓட்டை போட்டால் செல் செத்துவிடும். அவற்றைக் கிளப்பிவிடுபவை பிம் போன்ற சிறு புரதங்கள். பிசிஎல்-2வின் மேற்பரப்பில் நீளமான பள்ளம் ஒன்று உண்டு, பிம்மின் சுருளான பகுதி அந்தப் பள்ளத்தில் கச்சிதமாகப் படிந்துவிடும், படிந்த பிம் அங்கேயே மாட்டிக்கொள்ளும், அதன் வேலை நடக்காது. நாட்பட்ட லிம்ஃபோசைட் ரத்தப்புற்று இருக்கிறதே, மருத்துவர்கள் சிஎல்எல் என்பார்கள், அந்தச் செல்களில் பிசிஎல்-2 ஏகத்துக்கும் இருக்கும், அதில் மாட்டிக்கொண்ட பிம்மும் நிறைய இருக்கும். பள்ளத்தில் வேறொரு சிறு மூலக்கூறை அடைத்துவிட்டால் பிம் விடுபடும், செல் சில மணி நேரத்தில் போய்விடும். அப்படி அடைக்கும் மாத்திரைதான் வெனிடோகிளாக்ஸ். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அதற்கு முதல் அனுமதி கொடுத்தது 2016 ஏப்ரலில்.

மரபணு கைக்கு வந்து மாத்திரை வர முப்பது வருடத்துக்கு மேல். எல்லாவற்றுக்கும் இவ்வளவு காலம் ஆகாது, சிலது வேகமாக வந்திருக்கிறது, பல வரவே இல்லை. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு செய்தியைத் திறங்கள்.

“அதிகமாக இருக்கிறது” என்றால் “தேவை” என்று ஆகாது

செய்தியில் முதலில் தேட வேண்டியது அந்தப் புரதம் கட்டியில் *இருக்கிறது* என்கிறார்களா, கட்டிக்கு அது *வேண்டும்* என்கிறார்களா என்பதை. “இந்தப் புரதம் புற்றுச்செல்லில் நான்கு மடங்கு அதிகம், அது அதிகமுள்ள நோயாளிகள் சீக்கிரம் இறந்தார்கள்” என்று மட்டும் இருந்தால் அங்கேயே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். கல்யாணப் பந்தலில் இருபது கால் நட்டிருப்பார்கள், எல்லாமே பந்தலோடுதான் நிற்கும், ஆனால் எதைப் பிடுங்கினால் பந்தல் சாயும் என்பது பிடுங்கிப் பார்த்தால்தான் தெரியும். வேகமாகப் பெருகும் செல்லில் நூற்றுக்கணக்கான புரதங்கள் அதிகமாகத்தான் இருக்கும், பெருகுகிற வேலைக்கு அவை துணைக்கு வந்தவையாக இருக்கலாம்.

மெல்க் என்ற புரதத்துக்கு நேர்ந்தது இதற்கு நல்ல பாடம். பல புற்றுநோய்களில் அது அதிகமாக இருந்தது, அதிகமுள்ளவர்களின் ஆயுள் குறைந்திருந்தது, அதன் அளவை ஆர்என்ஏ முறையில் குறைத்தால் செல் செத்தது. அப்புறம் என்ன, அதைத் தடுப்பதாகச் சொல்லி ஒரு மருந்தும் வந்து நோயாளிகள் மேல் சோதனை வரை போனது. 2017இல் அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் ஜேசன் ஷெல்ட்சரின் குழு கிரிஸ்பர் முறையில் மெல்க் மரபணுவையே வெட்டி எடுத்துவிட்டுப் பார்த்தது. புற்றுச்செல்கள் ஒன்றும் நடக்காததுபோல் வளர்ந்தன. அந்த மருந்தை மெல்க் இல்லாத செல்லின் மேல் ஊற்றினாலும் செல் செத்தது. மருந்து கொல்கிறது, ஆனால் மெல்க்கைத் தொட்டுக் கொல்லவில்லை. பழைய ஆர்என்ஏ முறை, குறிவைத்த மரபணுவோடு வேறு சிலவற்றையும் சேர்த்து அமுக்கிவிடும் வழக்கம் உள்ளது, அதில் ஏமாந்திருக்கிறார்கள்.

2019இல் அதே குழு இன்னும் பல மருந்துகளுக்கு இதே சோதனையைச் செய்தது, வெவ்வேறு புரதங்களைக் குறிவைப்பதாகச் சொல்லப்பட்ட பத்து மருந்துகள். இலக்குப் புரதத்தை நீக்கிய பிறகும் மருந்துகள் முன்புபோலவே செல்லைக் கொன்றன. இவை யாரோ வீட்டில் காய்ச்சிய கஷாயம் இல்லை, முறையான ஆய்விதழ்களில் வந்து சோதனைக்குப் போனவை. அதனால் “பெரிய பத்திரிகையில் வந்திருக்கிறது” என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். 2012இல் ஆம்ஜென் நிறுவனத்தில் இருந்தவர்கள், தாங்கள் திரும்பச் செய்து பார்த்த 53 முக்கியப் புற்றுநோய் ஆய்வுகளில் 6 மட்டுமே மறுபடி அதே முடிவைத் தந்தன என்று எழுதியது இன்றும் பலருக்கு உறுத்தல்.

சரி, இதை எப்படிப் பார்ப்பது? செய்தியின் அடியில் ஆய்விதழின் பெயரோ இணைப்போ இருக்கும், இல்லாவிட்டால் புரதத்தின் பெயரையும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் போட்டால் கிடைக்கும். சுருக்கம் இலவசமாகவே வரும். ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்புச் செயலியில் ஒட்டிக்கொள்ளுங்கள், குறைகள் இருந்தாலும் விஷயம் புரியும். அதில் மரபணுவை முழுதாக நீக்கினார்களா, இல்லை அளவை மட்டும் குறைத்தார்களா என்று பாருங்கள். நீக்கியதும் செத்த செல்லில் அந்தப் புரதத்தைத் திரும்ப ஏற்றியபோது செல் பிழைத்ததா என்று பாருங்கள். திரும்ப ஏற்றிப் பார்த்திருந்தால் அந்த ஆய்வின் மேல் எனக்குப் பாதிப் பயம் போய்விடும்.

மருந்து தோற்ற இடத்தில்தான் சாட்சி

இது எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த விஷயம், செய்திகளில் யாரும் எழுதுவதில்லை. ஒரு மருந்து உண்மையில் எந்தப் புரதத்தைத் தொடுகிறது என்று தெரிய வேண்டுமானால், அந்த மருந்துக்கு மசியாமல் போன செல்களைப் பார்க்க வேண்டும்.

வெனிடோகிளாக்ஸ் எடுத்துச் சில ஆண்டுகள் நன்றாக இருந்து பிறகு நோய் திரும்பிய சிஎல்எல் நோயாளிகளை மெல்போர்ன் மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். 2019இல் வெளியான அந்த ஆய்வில், சிலரின் புற்றுச்செல்லில் பிசிஎல்-2 மரபணுவிலேயே ஒரு எழுத்து மாறியிருந்தது. புரதத்தின் 101ஆம் இடத்தில் கிளைசீன் இருக்க வேண்டும், வாலின் வந்துவிட்டது. இந்தச் சின்ன மாற்றத்தால் மருந்து பள்ளத்தில் ஒட்டும் பலம் ஏறத்தாழ 180 மடங்கு குறைந்துபோனது. ஆனால் பிம்மைப் பிடித்து வைக்கும் வேலை கெடவில்லை. யோசித்துப் பாருங்கள், மருந்திடமிருந்து தப்பிக்க அந்தச் செல் தன் ஆயிரக்கணக்கான புரதங்களில் மாற்றியது இந்தப் பள்ளத்தைத்தான். மருந்து வேறு எதையாவது தொட்டுக் கொன்றுகொண்டிருந்தால் இங்கே மாற்ற வேண்டிய அவசியமே வந்திருக்காது. இன்னொரு வகை ரத்தப்புற்றுக்கான இமாட்டினிப் மருந்திலும் இதே கதை: மருந்து வந்த 2001ஆம் ஆண்டிலேயே, அது கைவிட்ட நோயாளிகள் சிலரிடம் இலக்குப் புரதத்தின் 315ஆம் இடத்தில் மாற்றம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள்.

ஷெல்ட்சர் குழுவும் இந்த வழியில்தான் போனது. ஓடிஎஸ்964 என்ற மருந்து பிபிகே என்ற புரதத்தைத் தடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த மருந்துக்குச் சாகாமல் தப்பிய செல்களைத் தனியாக வளர்த்து மரபணுவைப் படித்தபோது மாற்றம் இருந்தது சிடிகே11 என்ற வேறொரு புரதத்தில். அதே மாற்றத்தைப் புதிய செல்லில் செய்தால் அந்தச் செல்லும் மருந்துக்கு மசியவில்லை. உண்மையான இலக்கு அதுதான் என்று ஆகிவிட்டது.

எனவே, “இந்தப் புரதத்தைத் தடுக்கும் மருந்து கட்டியைச் சுருக்கியது” என்று படித்தால், அந்த மருந்துக்குத் தப்பும் செல் எதை மாற்றிக்கொண்டு தப்புகிறது என்று ஆய்வில் இருக்கிறதா எனத் தேடுங்கள். இருந்தால் வலுவான ஆய்வு. இல்லாவிட்டால் மோசமான ஆய்வு என்று பொருளில்லை, இன்னும் ஆரம்பம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு மருந்து ஊற்றினார்கள்?

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆய்வுச் சுருக்கத்தில் நானோமோலார், மைக்ரோமோலார் என்று மருந்தின் செறிவு அளவு வரும். ஒரு மைக்ரோமோலார் ஆயிரம் நானோமோலார். வெனிடோகிளாக்ஸ் பிசிஎல்-2வை ஒரு நானோமோலாருக்கும் மிகக் கீழான அளவிலேயே பிடித்துக்கொள்ளும். இருபது முப்பது மைக்ரோமோலார் ஊற்றித்தான் செல் செத்தது என்றால், அந்த அளவு ரத்தத்தில் ஏறுமா என்று கேளுங்கள், அந்த அளவில் எத்தனையோ பொருள்கள் செல்லைக் கொல்லும்.

“மஞ்சள் பிசிஎல்-2வைக் குறைக்கிறது” என்று வரும் செய்திகள் இந்த வகை. மஞ்சளின் குர்குமின் ஆய்வகத் தட்டில் பிசிஎல்-2 உட்பட ஏகப்பட்ட புரதங்களைக் குறைப்பதாக ஆயிரக்கணக்கில் ஆய்வுகள் உண்டு. ஒரே பொருள் இத்தனை புரதங்களையும் தொடுகிறது என்றால் அதுவே சந்தேகத்துக்குரியது. 2017இல் வந்த ஒரு விரிவான வேதியியல் மதிப்பாய்வு, குர்குமின் நிலையில்லாதது, கண்டதோடும் வினைபுரிந்து சோதனைகளை ஏமாற்றக்கூடியது, ரத்தத்தில் சரியாக ஏறாதது என்று விளக்கியது. தாவரத்திலிருந்து மருந்து வராது என்று சொல்லவில்லை, நித்தியகல்யாணிச் செடியில் இருந்து வந்த வின்கிரிஸ்டின் இன்றும் ரத்தப்புற்றுக்குக் கொடுக்கப்படுகிறது. ஆனால் அது பிரித்தெடுத்து, அளவு குறித்து, மனிதர்களிடம் சோதித்து, நரம்பில் ஏற்றப்படும் மருந்து, செடியை அரைத்துக் குடிப்பது அதுவாகாது, ஆபத்தும் கூட.

நல்ல செல்லுக்கும் அது வேண்டுமே

கட்டிக்கு அந்தப் புரதம் தேவை என்று நிரூபித்தாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து, நல்ல செல்லுக்கு அது எவ்வளவு தேவை என்று பார்க்க வேண்டும். கட்டிக்கென்று தனியாகப் புரதம் இருப்பது அபூர்வம், பெரும்பாலும் நம் உடம்பின் சொந்தப் புரதத்தைத்தான் அது கூடுதலாகப் பயன்படுத்திக்கொள்கிறது.

வெனிடோகிளாக்ஸுக்கு முன்னால் அதே நிறுவனம், அப்போது அபாட், இப்போது அதன் மருந்துப் பிரிவு பிரிந்து ஆப்வி, நாவிடோகிளாக்ஸ் என்ற மருந்தைச் செய்தது. அது பிசிஎல்-2வின் பள்ளத்தையும் அடைக்கும், அதன் உடன்பிறப்பான பிசிஎல்-எக்ஸ்எல்லின் பள்ளத்தையும் அடைக்கும், இரண்டும் அவ்வளவு ஒத்தவை. மருந்து கொடுத்ததும் நோயாளிகளின் ரத்தத்தில், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் எண்ணிக்கை மளமளவென்று இறங்கியது. காரணம், பிளேட்லெட்டுகளுக்கு உட்கரு கிடையாது, அவற்றை ஏழெட்டு நாள் உயிரோடு வைத்திருப்பதே பிசிஎல்-எக்ஸ்எல்தான். அது தேயத் தேயத்தான் பிளேட்லெட்டுக்கு வயதாகிறது. மருந்து அந்தக் கடிகாரத்தை ஒரேயடியாக முன்னால் தள்ளிவிட்டது. ரத்தப்போக்குப் பயத்தால் மருந்தின் அளவைக் கூட்ட முடியவில்லை, கூட்டாமல் கட்டியை அடக்கவும் முடியவில்லை.

அப்புறம் செய்த வேலை அழகானது. இரண்டு புரதங்களின் பள்ளங்களையும் அணு அணுவாக ஒப்பிட்டார்கள். பிசிஎல்-2வில் 103ஆம் இடத்தில் அஸ்பார்டிக் அமிலம், பிசிஎல்-எக்ஸ்எல்லில் அதற்கு இணையான இடத்தில் குளுட்டாமிக் அமிலம். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு கார்பன் நீளம். அந்த அஸ்பார்டிக்கைப் பிடித்துக்கொள்ளும்படி மூலக்கூறைத் திருத்தினார்கள், பிசிஎல்-2வை மட்டும் பிடித்து பிளேட்லெட்டை விட்டுவிடும் வெனிடோகிளாக்ஸ் பற்றிய ஆய்வு 2013இல் வெளியானது.

எல்லாவற்றுக்கும் இப்படி வழி கிடைப்பதில்லை. எம்சிஎல்-1 இதே குடும்பம், பல கட்டிகள் அதை நம்பி இருக்கின்றன, வெனிடோகிளாக்ஸுக்குத் தப்பும் செல்கள் பலவும் அதைப் பிடித்துக்கொண்டுதான் தப்புகின்றன. ஆனால் இதயத்தசைக்கும் அது வேண்டும். எம்சிஎல்-1ஐத் தடுக்கும் மருந்துகளின் சோதனைகள் சில இதயப் பாதிப்பு அறிகுறிகளால் நிறுத்தப்பட்டன. ஆகவே “இந்தப் புரதத்தைத் தடுத்தோம், எலிகள் நன்றாக இருந்தன” என்ற வரியை நம்பி மகிழாதீர்கள். எந்த உறுப்புகளைப் பார்த்தார்கள், எத்தனை நாள் பார்த்தார்கள் என்று பாருங்கள்.

எலி பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலான ஆய்வுகளில் நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாத எலியின் தோலடியில் மனிதப் புற்றுச்செல்லைக் குத்தி வளர்க்கிறார்கள். மருந்து மனிதப் புரதத்துக்கு என்று செய்யப்பட்டது, எலியின் நல்ல செல்களில் இருப்பதோ எலிப் புரதம், மருந்து அதை வலுவாகப் பிடிக்காமலும் போகலாம். அப்போது எலிக்கு ஒன்றும் ஆகாமல் இருப்பதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

மனிதர்களிடம் போனால்

செய்தியில் “நோயாளிகளிடம்” என்று வந்தால் எத்தனை பேர், எதிரணியில் யார் என்று பாருங்கள். முதல் கட்டச் சோதனை, எவ்வளவு மருந்தை உடம்பு தாங்கும் என்று பார்ப்பதற்கு. மூன்றாம் கட்டத்தில்தான் வழக்கமான சிகிச்சையோடு நேருக்கு நேர் வைத்துப் பார்ப்பார்கள்.

வெனிடோகிளாக்ஸின் முதல் கட்டச் சோதனை முடிவு 2016இல் வந்தது. வேறு சிகிச்சைகளுக்கு அடங்காத 116 சிஎல்எல் நோயாளிகளில் 79 சதவீதம் பேருக்குப் பலன் கிடைத்தது. முதல் கட்டத்தில் இப்படி ஒரு எண் வருவது அபூர்வம். ஆனால் மருந்து அளவுக்கு மீறி நன்றாக வேலை செய்ததே வினையானது. கிலோ கணக்கில் இருக்கும் புற்றுச்செல்கள் ஒரே நாளில் உடைந்தால், உள்ளிருந்த பொட்டாசியமும் பாஸ்பேட்டும் யூரிக் அமிலமும் ரத்தத்தில் கொட்டும், சிறுநீரகம் திணறும், இதயம் தடுமாறும். அளவைக் கூட்டிக்கொண்டு போன 56 பேரில் 3 பேருக்கு இது தீவிரமாக வந்தது, ஒருவர் இறந்தார். முறையை மாற்றிய பிறகு சேர்ந்த 60 பேரில் யாருக்கும் அது அந்த அளவுக்கு வரவில்லை.

மாற்றிய முறைதான் இன்றும் சிஎல்எல்லுக்கு நடைமுறை. முதல் வாரம் தினம் 20 மில்லிகிராம், அடுத்த வாரம் 50, பிறகு 100, 200, ஐந்தாம் வாரம்தான் 400. தொடங்கும் முன்பே யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் நிறையத் தண்ணீரும். முதல் மாத்திரை போட்ட ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் ரத்தம் எடுப்பார்கள், மறுநாள் மறுபடி எடுப்பார்கள். ஆபத்து அதிகமானவர்களைப் படுக்கையிலேயே வைத்துக் கவனிப்பார்கள். ஒரு நல்ல இலக்கு மருந்தாகும்போது இத்தனை ஏற்பாடும் கூடவே வருகிறது.

முதல் அனுமதி யாருக்குக் கிடைத்தது என்பதையும் கவனியுங்கள். எல்லா சிஎல்எல் நோயாளிக்கும் இல்லை, 17ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு இழந்தவர்களுக்கு. பி53 என்ற காவல் புரதத்தின் மரபணு அந்தத் துண்டில்தான் இருக்கிறது. பழைய கீமோ மருந்துகள் டிஎன்ஏவைச் சேதப்படுத்தி, பி53 வழியாகத்தான் செல்லைச் சாகச் சொல்லும். பி53 இல்லாதவர்களுக்கு அந்தக் கட்டளை போய்ச் சேராது. வெனிடோகிளாக்ஸ் அந்த வழியைத் தாண்டி நேராக பாக்ஸ், பாக் பக்கத்தில் போய் வேலை செய்வதால், கீமோ கைவிட்டவர்களுக்கும் கேட்டது. இப்படி “யாருக்கு” என்ற கேள்விக்கு உயிரியல் காரணத்தோடு பதில் இருக்கும் செய்தி உருப்படியான செய்தி.

அதே மருந்தை வேறு நோய்க்குக் கொண்டுபோனபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். எலும்பு மஜ்ஜையில் வரும் மல்டிபிள் மைலோமா என்ற புற்றுநோய் உள்ளவர்களிடம் பெல்லினி என்ற சோதனை. வெனிடோகிளாக்ஸ் சேர்த்தவர்களுக்கு நோய் முற்றாமல் இருந்த காலம் ஏறத்தாழ இரண்டு மடங்கானது, தலைப்புக்கு அது போதும். ஆனால் இறந்தவர்களை எண்ணியபோது மருந்து எடுத்த 194 பேரில் 41, எடுக்காத 97 பேரில் 11. சதவீதத்தில் 21, 11. எஃப்டிஏ 2019 மார்ச்சில் எச்சரிக்கை வெளியிட்டது. நோய் அடங்கியிருந்த காலம் வேறு, ஆள் உயிரோடு இருந்த காலம் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. 11ஆம், 14ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்ட ஒரு சிறு குழுவுக்கு மட்டும் பலன் தெரிந்ததால், அவர்களை மட்டும் வைத்து கானோவா என்ற சோதனை நடத்தினார்கள். 2023இல் முடிவு வந்தது, முதன்மை இலக்கை அதுவும் எட்டவில்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது

புரதத்தின் பெயரை ஆங்கிலத்தில், மருந்துச் சோதனைகள் பதிவாகும் கிளினிக்கல்ட்ரயல்ஸ்.கவ் (ClinicalTrials.gov) தளத்தில் தேடுங்கள். எதுவும் வரவில்லை என்றால் அது இன்னும் ஆய்வகத்தில் இருக்கிறது, மருத்துவரிடம் கேட்டு அவரால் ஆகப்போவது ஒன்றுமில்லை. வந்தால், ஒவ்வொன்றிலும் நிலை என்ன என்று பாருங்கள், ஆள் சேர்க்கிறார்களா, முடிந்ததா, நடுவில் நிறுத்தினார்களா. நிறுத்தியிருந்தால் காரணம் ஒரு வரியில் இருக்கும், பக்கவிளைவு என்றா, பணமில்லை என்றா, ஆள் கிடைக்கவில்லை என்றா என்று அதிலேயே தெரிந்துவிடும். முடிந்து பல வருடமாகியும் முடிவு போடாத சோதனை நல்ல அறிகுறி இல்லை. இந்தியாவில் நடப்பதற்கு சிடிஆர்ஐ பதிவேடு இருக்கிறது, 2009 ஜூன் முதல் இங்கே நடக்கும் மருந்துச் சோதனைகள் அதில் முன்கூட்டியே பதிவாக வேண்டும். ஊரும் மருத்துவமனையும் அதிலேயே இருக்கும்.

மருத்துவரிடம் போகும்போது செய்தியின் அச்சுப்பிரதியை நீட்டி “இந்த மருந்து கொடுங்க” என்று ஆரம்பித்தால் பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்குப் பதில், “அப்பாவோட கட்டியில எந்தெந்த மரபணு, எந்தெந்த புரதம் பார்த்திருக்கீங்க, பார்க்காம விட்டது ஏதாவது இருக்கா டாக்டர்?” என்று கேளுங்கள். பயாப்சி அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். மார்பகப் புற்று என்றால் ஹெர்2, சிஎல்எல் என்றால் 17ஆம் குரோமோசோம் பரிசோதனை, நுரையீரல் என்றால் இஜிஎஃப்ஆர், ஆல்க் போன்றவை, இவற்றுக்கெல்லாம் ஏற்கெனவே மருந்து இருக்கிறது. புதிய புரதத்தைத் தேடி ஓடும் அவசரத்தில், மருந்துள்ள பழைய புரதத்துக்குப் பரிசோதனையே செய்யாமல் விட்டிருந்தால் அதுதான் பெரிய நஷ்டம். கிடைக்கும் மருந்தென்றால் விலை, எத்தனை மாதம் சாப்பிட வேண்டும், காப்பீட்டில் வருமா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள், கூச்சப்பட வேண்டாம். சிஎல்எல்லுக்கு முதல் சிகிச்சையாக வெனிடோகிளாக்ஸை ஒபினுட்டுஸுமாப் என்ற ஊசி மருந்துடன் கொடுக்கும்போது ஒரு வருடத்தில் நிறுத்திவிடும் முறை உண்டு. வேறு சில மாத்திரைகளைப் பலன் தந்துகொண்டிருக்கும்வரை நிறுத்தாமல் சாப்பிட வேண்டும். மொத்தச் செலவில் இது பெரிய வித்தியாசம்.

ஏற்கெனவே இந்த வகை மாத்திரை சாப்பிடுகிறவர் வீட்டில் இருந்தால், அவர் சாப்பிடும் மற்ற எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள், நாட்டு மருந்தும் சூரணமும் சேர்த்துத்தான். வெனிடோகிளாக்ஸைக் கல்லீரலில் ஒரு நொதி உடைக்கிறது. கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும், பூஞ்சைக்குக் கொடுக்கும் இட்ராகோனசோல் வகை மாத்திரைகளும் அந்த நொதியை முடக்கும், ரத்தத்தில் மருந்து தாறுமாறாக ஏறிவிடும். கிரேப்ஃப்ரூட்டும் நட்சத்திரப் பழமும் கூடாது என்று மருந்தின் குறிப்பிலேயே இருக்கும். சளிக்குத் தெருமுனைக் கடையில் தானாக வாங்கிப் போடும் ஆன்டிபயாடிக் இங்கே உயிருக்கு ஆபத்தாகலாம்.

சோதனையில் சேர்த்துவிடுகிறேன் என்று யாராவது முன்பணம் கேட்டால், பதிவேட்டு எண்ணைக் கேளுங்கள். முறையான சோதனையில் ஆய்வில் இருக்கும் மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்க மாட்டார்கள், சம்மதப் படிவத்தை உங்களுக்குப் புரியும் மொழியில் கொடுத்து, படித்து, கேள்வி கேட்க நேரமும் தர வேண்டும். எண்ணைச் சொல்லாமல் மழுப்பினால் கிளம்பி வந்துவிடுங்கள்.